தொழில் ரகசியம் யாரைக் காப்பாற்றுகிறது?

“பத்து வருஷம் கையைச் சுட்டுக்கொண்டு கற்றதை, நேற்று கேமரா வாங்கியவனுக்கு எதற்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?” திருமணப் புகைப்படக்காரர்கள் நான்கு பேர் கூடினால் இந்தக் கேள்வி எப்படியாவது வந்துவிடும். கேட்பவர்கள் குறுகிய மனம் படைத்தவர்கள் இல்லை. மாதச் சம்பளம் இல்லாமல் அடுத்த ஆர்டரை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள். வட்டிக்கு வாங்கி லென்ஸ் எடுத்தவர்கள். கூடவே வந்து லைட் பிடித்த பையன், மறு வருஷமே அதே தெருவில் பாதி விலைக்கு ஆர்டர் பிடித்ததைப் பார்த்தவர்கள். அவர்களது பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால், அந்தப் பயத்திலிருந்து அவர்கள் வந்துசேரும் முடிவை நான் ஏற்கவில்லை. தனியாகத் தொழில் செய்யும் புகைப்படக் கலைஞர் தான் அறிந்ததைச் சக கலைஞர்களிடம் பகிர வேண்டும். அவர்களுக்கு ஆபத்து வரும்போது கைகொடுக்க வேண்டும். அவர்கள் போட்டியாளர்களாக இருந்தாலும் செய்ய வேண்டும். பூட்டிவைத்த தொழில் அறிவு யாருடைய பிழைப்பையும் காப்பாற்றியதில்லை. அது தொழிலின் பெயரைக் கெடுக்கிறது. கடைசியில் பூட்டியவரையும் தனிமரமாக நிறுத்துகிறது.

முகூர்த்தம் போடும் கணக்கு

திருமணப் புகைப்படத் தொழிலின் கணக்கு மற்ற வியாபாரங்களின் கணக்கைப் போன்றது இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். ஆவணியிலோ, தையிலோ, வைகாசியிலோ ஒரு நல்ல வளர்பிறை முகூர்த்தம் வந்துவிட்டால், ஊரிலுள்ள அத்தனை மண்டபங்களிலும் ஒரே காலையில் கெட்டிமேளம் கேட்கும். எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் அந்தக் காலையில் ஒரு மண்டபத்தில்தான் நிற்க முடியும். அதே தேதிக்கு அவரைத் தேடி வரும் மற்ற குடும்பங்களுக்கு, “டேட் இல்லைங்க” என்றுதான் சொல்ல வேண்டும். “டேட் இல்லை; ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவர் நன்றாக எடுப்பார்” என்று சொல்ல முடிகிறவருக்கு, வேறொரு முகூர்த்தத்தில் அந்த ஒருவரிடமிருந்து அழைப்பு வரும். உச்ச நாட்களில் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. ஆடி மாதத்தில் யாருக்கும் இல்லை. ஒருவர் ஆர்டரை இன்னொருவர் பறிக்கிறார் என்ற பேச்சு, நடுவில் வரும் சில நாட்களுக்குத்தான் பொருந்தும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இன்றைக்கு நடுத்தரக் குடும்பத்துத் திருமணத்துக்கே ட்ரெடிஷனல் போட்டோ, ட்ரெடிஷனல் வீடியோ, கேண்டிட் போட்டோ, கேண்டிட் வீடியோ என்று ஆட்கள் தேவை. சில இடங்களில் டிரோனும் கேட்கிறார்கள். இத்தனை பேரையும் சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஸ்டுடியோக்கள் மிகக் குறைவு. ஆர்டர் எடுத்தவர் மற்ற ஃப்ரீலான்சர்களைத்தான் அழைக்கிறார். போன வாரம் எனக்கெதிராக விலை சொன்னவர், இந்த வாரம் என் ஆர்டரில் இரண்டாவது கேமராவாக நிற்கிறார். அவருடைய படங்களும் என் ஆல்பத்தில்தான் வரப்போகின்றன. அவருக்குத் தெரியாதது எதுவாக இருந்தாலும், அது என் ஆல்பத்தின் குறையாகத்தான் வெளியே தெரியும்.

இதைச் சின்ன விஷயங்களில்தான் நன்றாகப் பார்க்கலாம். வேலை தொடங்குமுன் இருவரும் தங்கள் கேமராக்களின் கடிகாரத்தை ஒரே நேரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பழக்கம் தெரியாத ஒருவர் கூட இருந்தால், ஆயிரக்கணக்கான படங்களில் மாலை மாற்றியது முன்னா, தாரை வார்த்தது முன்னா என்று தேடி வரிசைப்படுத்துவதற்குள் டிசைனருக்கு ஒரு நாள் போய்விடும். சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாத விஷயம் இது.

பத்து நொடியில் சொல்லக்கூடியது

மாலை வரவேற்பு. மேடையைச் சுற்றி எல்இடி விளக்குகள். புதிதாக மிரர்லெஸ் கேமரா வாங்கிய இளைஞர் ஒருவர், சத்தமில்லாமல் எடுக்கலாம் என்று எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டு, வேகத்தை 1/500-ல் வைத்துச் சுடுகிறார். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால், மணப்பெண்ணின் முகத்திலும் பட்டுப்புடவையிலும் குறுக்கே கறுப்புப் பட்டைகள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பை வேகமான ஷட்டர் பிடித்துவிடுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, வேகத்தை 1/100-க்கோ 1/50-க்கோ இறக்கினால் பெரும்பாலும் பட்டை போய்விடும். மேடையின் பின்னால் இருக்கும் எல்இடி திரைக்கு மட்டும் இந்தக் கணக்கு எப்போதும் ஒத்துவராது. வேகத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

பக்கத்தில் நிற்கும் அனுபவசாலிக்கு இது தெரியும். இளைஞரின் காதில் சொல்லப் பத்து நொடி போதும். சொல்லாமல் இருந்துவிட்டால், அந்த வரவேற்பை மறுபடி நடத்த முடியாது. அந்தக் குடும்பத்தார் அந்த இளைஞரின் பெயரைக்கூட நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். “இந்த போட்டோக்காரங்களே இப்படித்தான்” என்பார்கள். அடுத்த திருமணத்துக்கு அவர்களுடைய சொந்தக்காரர்கள் அட்வான்ஸைக் குறைப்பார்கள். மீதியைப் படம் பார்த்த பிறகுதான் தருவோம் என்பார்கள். அந்தச் சந்தேகத்தை எதிர்கொள்ளப்போவது, அன்று வாய்மூடி நின்ற அனுபவசாலியும்தான்.

மலிவு விலை எங்கிருந்து வருகிறது?

“சொல்லிக்கொடுத்தால் நம்மைவிடக் குறைந்த விலைக்குப் போவான்” என்பதுதான் எல்லோரும் வைக்கும் வாதம். நான் பார்த்தவரை, அடிமாட்டு விலை சொல்கிறவர்களில் பலர் தங்கள் செலவு என்னவென்று தெரியாமல் சொல்கிறார்கள். பல கேமராக்களின் ஷட்டருக்கு அவற்றின் நிறுவனங்கள் சொல்லும் ஆயுள் 1.5 லட்சம் முதல் 2 லட்சம் கிளிக் வரை. ஒரு திருமணத்தில் சராசரியாக 4,000 கிளிக் என்று வைத்துக்கொண்டால், 2 லட்சம் கிளிக் ஐம்பது திருமணங்களில் தீர்ந்துபோகும். ஆக, ஒவ்வொரு திருமணமும் ஷட்டரின் ஆயுளில் ஐம்பதில் ஒரு பங்கைத் தின்கிறது. அதன்மேல் இரண்டு ஹார்டுடிஸ்க்கில் பேக்கப், டிசைனர் கூலி, லேப் செலவு, இரண்டாவது கேமராக்காரரின் சம்பளம், கலர் கரெக்‌ஷனுக்கு உட்காரும் நாட்கள், பெட்ரோல், வீட்டு வாடகை எல்லாம் இருக்கின்றன. இந்தக் கணக்கை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தராததால்தான், கையில் வந்த பணமெல்லாம் லாபம் என்று நினைத்துப் புதியவர் விலை சொல்கிறார். இரண்டு வருஷத்தில் கேமரா பழுதாகும்போது தொழிலை விட்டே போகிறார். அதற்குள் அவர் இறக்கிவிட்ட விலை ஊரில் நிலைத்துவிடுகிறது. அவருக்கு ஷட்டர் கணக்கைச் சொல்லித்தருவது, நம் விலைக்கு நாமே போட்டுக்கொள்ளும் வேலி.

இதில் ஒரு கவனம் தேவை. செலவுக் கணக்கைப் பகிர்வது வேறு, எல்லோரும் கூடி இதற்குக் கீழே யாரும் வாங்கக் கூடாது என்று விலையைக் கட்டிவைப்பது வேறு. போட்டியாளர்கள் சேர்ந்து விலையை நிர்ணயிக்கும் உடன்பாட்டை 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டம், பிரிவு 3-ன்கீழ் தடுக்கிறது. சங்கங்கள் ரேட் கார்டு அடித்து ஒட்டுவதைவிட, செலவுக் கணக்குத் தாளை அச்சிட்டுக் கொடுப்பது சட்டத்துக்கும் ஒத்தது, பயனும் அதிகம்.

சட்டத்தைப் பற்றிய அறிவும் பகிரப்பட வேண்டியதுதான். படம் எடுத்தவருக்கே அதன் உரிமை என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 17 வேறு மாதிரி சொல்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் பணம் பெற்று எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். மணமக்களின் படத்தைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்த விரும்புகிறவர், அதை ஆர்டர் எடுக்கும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நிறுவனங்களுக்கு வேலை செய்துவிட்டுப் பணத்துக்கு அலைகிறவர்களும் உண்டு. அரசின் உத்யம் பதிவு செய்த குறுந்தொழில்களுக்கு, முடித்த வேலையை நிறுவனம் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டியும் கேட்கலாம். இந்த ஒரு தகவல் ஒருவருக்குத் தெரிந்து பத்துப் பேருக்குத் தெரியாமல் இருந்தால், பணம் தராமல் இழுத்தடிக்கும் நிறுவனம் அந்தப் பத்துப் பேரையே தேடிப் போகும்.

ஆர்ச்சர் தந்த பாடம்

பகிர்வதா, பூட்டுவதா என்ற வழக்கு புகைப்படக் கலையின் வயதளவு பழையது. 1839 ஆகஸ்ட் 19 அன்று, லூயி தாகேர் கண்டுபிடித்த புகைப்பட முறையை பிரெஞ்சு அரசு பகிரங்கமாக வெளியிட்டது. தாகேருக்கும் அவரது கூட்டாளி நியெப்ஸின் மகனுக்கும் ஆயுள்கால ஓய்வூதியம் தந்து, கண்டுபிடிப்பைப் பொதுவுக்கு வாங்கியது அரசு. உலகப் புகைப்பட நாளாக இன்று நாம் கொண்டாடுவது அந்த ஆகஸ்ட் 19-ஐத்தான். இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே தாகேரின் முறைக்கும் காப்புரிமை பெறப்பட்டது. ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் தனது காகித நெகட்டிவ் முறைக்கு 1841-ல் காப்புரிமை வாங்கினார்.

1851-ல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற சிற்பி, கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசிப் படம் எடுக்கும் முறையை ஒரு வேதியியல் இதழில் எழுதி வெளியிட்டார். காப்புரிமை கேட்கவில்லை. அதுவும் தன் உரிமைக்குள் வருகிறது என்று டால்பட் வழக்குத் தொடுத்தார். 1854 டிசம்பரில் அந்த வழக்கில் அவர் தோற்றார். அதன்பின் ஆர்ச்சரின் முறை உலகெங்கும் பரவியது. 1860-களில் புகைப்படக்காரர் சாமுவேல் பூர்ன் இமயமலைக்குச் சுமந்துபோனதும் இந்தக் கண்ணாடித் தகடுகளைத்தான். 1880 வாக்கில் உலர்தகடுகள் வரும்வரை உலகின் ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் அதில்தான் பிழைத்தன.

ஆனால் ஆர்ச்சர் 1857-ல் வறுமையில் இறந்தார். அவரது குடும்பத்துக்காக நிதி திரட்ட வேண்டியிருந்தது. பகிர்வை ஆதரிக்கிறவர்கள் இந்தப் பகுதியைச் சொல்லாமல் விடக் கூடாது. தாகேரும் கொடுத்தார், ஆர்ச்சரும் கொடுத்தார். ஒருவருக்குப் பதிலுக்கு ஓய்வூதியம் கிடைத்தது; மற்றவருக்கு இறந்த பிறகு இரக்கம் கிடைத்தது. கொடுப்பவருக்குத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால், பகிர்வு நல்ல மனிதர்களைத்தான் முதலில் சாய்க்கும்.

அப்படிப்பட்ட ஏற்பாடுகளும் வரலாற்றில் உண்டு. பம்பாயில் 1854-லும், அடுத்த சில ஆண்டுகளுக்குள் கல்கத்தாவிலும் சென்னையிலும் புகைப்படச் சங்கங்கள் தோன்றின. சென்னையில் அதை முன்னெடுத்தவர், இங்கே ஓவியப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர். பின்னர் 1947-ல் ராபர்ட் காப்பா, ஹென்றி கார்த்தியே-பிரஸ்ஸோன், டேவிட் செய்மூர், ஜார்ஜ் ராட்ஜர் ஆகியோர் சேர்ந்து ‘மேக்னம்’ புகைப்பட நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பத்திரிகைகளின் வாய்ப்புக்காக ஒருவரோடொருவர் போட்டியிடக்கூடியவர்கள், நிறுவனத்தைத் தங்கள் பொதுச் சொத்தாக வைத்துக்கொண்டார்கள். பதிப்புரிமை பத்திரிகைக்குப் போகாமல் எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார்கள். 1954-ல் இந்தோசீனாவில் காப்பா கண்ணிவெடியில் இறந்தார். 1956-ல் சூயஸில் செய்மூர் சுட்டுக் கொல்லப்பட்டார். இரு நிறுவனர்களைப் பத்தாண்டுக்குள் இழந்த பிறகும் மேக்னம் நின்றது, இன்றும் இயங்குகிறது. தனித்தனியாகப் பேரம் பேசியிருந்தால் அவர்களில் எவராலும் அந்த உரிமையைப் பெற்றிருக்க முடியாது.

நடையைத் திருடிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கும் இந்த வரலாற்றில் பதில் இருக்கிறது. புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், தான் கையாண்ட ‘ஸோன் சிஸ்டம்’ முறையை, ஒளியை அளப்பதிலிருந்து பிரிண்ட் போடுவதுவரை, நூல்களாகவே எழுதி வெளியிட்டார். தலைமுறைகள் அதைப் படித்தன. ஆடம்ஸின் இடத்தை யாரும் பறிக்கவில்லை.

முந்தைய இரவு அழைப்பு

அலுவலகத்தில் வேலை செய்கிறவருக்குக் காய்ச்சல் வந்தால் விடுப்பு உண்டு. முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு பைக்கிலிருந்து விழுந்து கை முறிந்த புகைப்படக்காரருக்கு என்ன உண்டு? முகூர்த்தம் காத்திருக்காது. அவரைக் காப்பாற்றக்கூடியவர் இன்னொரு புகைப்படக்காரர் மட்டும்தான். அதாவது, அவருடைய போட்டியாளர்.

நானும் அந்த மாதிரி அழைப்புகளை எடுத்திருக்கிறேன். மண்டபத்தின் பெயரும் நேரமும் சொன்னால் போதாது என்பது அப்போதுதான் புரியும். அந்தக் குடும்பத்தில் தாலி முடிச்சை நாத்தனார் போடுவாரா, மாப்பிள்ளையே மூன்று முடிச்சும் போடுவாரா? நாத்தனார் எந்தப் பக்கம் நிற்பார்? சக்கர நாற்காலியில் வரும் தாத்தா எட்டு மணிக்குமேல் உட்கார மாட்டார், அவரை வைத்து முதலிலேயே குரூப் எடுக்க வேண்டுமா? பேசாமல் இருக்கும் சித்தப்பாவை எந்தப் படத்தில் யாருக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது? வாரக்கணக்கில் அந்தக் குடும்பத்தோடு பேசிச் சேர்த்த அறிவை, அந்த இரவில் போனில் இன்னொருவர் கையில் ஒப்படைக்க வேண்டும். இவர் நாளைக்கு நம் வாடிக்கையாளரைத் தட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்ற சந்தேகம் இருக்கும் இடத்தில் இது நடக்காது. அந்த நம்பிக்கை, ஆபத்து வருவதற்கு வெகுநாள் முன்பே, சின்னச் சின்ன உதவிகளால் சேர்ந்திருக்க வேண்டும். 2020 ஊரடங்கில் திருமணங்கள் 50 பேரோடு சுருங்கியபோது, ஈஎஸ்ஐயும் இல்லாத, வைப்பு நிதியும் இல்லாத தொழில் இது என்பது எல்லோருக்கும் உறைத்தது. அந்த நாட்களில் நமக்கு இருந்தது நாம் சம்பாதித்துவைத்த மனிதர்கள்தான்.

எதைக் கொடுக்கக் கூடாது

பகிர்வுக்கு எல்லை உண்டு. வாடிக்கையாளர்களின் போன் எண்ணும் அவர்களது வீட்டு விவரமும் படங்களும் நம் சொத்து இல்லை. அவற்றை யாருக்கும் கொடுக்கும் உரிமை நமக்கு இல்லை. இரண்டாவது கேமராவாகப் போகிறவர், அந்த மண்டபத்தில் தன் விசிட்டிங் கார்டை எடுக்கக் கூடாது. அந்தக் குடும்பத்திலிருந்து பின்னால் அழைப்பு வந்தால், ஆர்டர் எடுத்தவரிடம்தான் திருப்பிவிட வேண்டும். இந்த நேர்மை உடைந்ததால்தான் பல மூத்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அந்தக் காயத்தைப் பார்க்காமல் அவர்களுக்கு உபதேசம் செய்வது அநியாயம்.

மறுபக்கத்து அநியாயமும் உண்டு. “தொழில் கற்றுத்தருகிறேன்” என்று சொல்லிவிட்டு, வருஷக்கணக்கில் சாப்பாடும் பஸ் காசும் மட்டும் கொடுத்துப் பையன்களைப் பேக் தூக்கவைப்பவர்கள் இருக்கிறார்கள். கற்றுக்கொடுப்பது ஒருபோதும் கூலிக்கு ஈடாகாது. உழைப்புக்குக் கூலி கொடுத்துவிட்டுத்தான் அறிவைக் கொடுக்க வேண்டும். கற்கிறவருக்கும் கடமை இருக்கிறது. தானாக முயன்று பார்த்த பிறகு கேட்பதும், யாரிடம் கற்றேன் என்று வெளிப்படையாகச் சொல்வதும், கற்ற கையோடு அவர் வாடிக்கையாளரைத் தேடிப் போகாமல் இருப்பதும் அந்தக் கடமை.

ஆடியில் தொடங்கலாம்

ஒவ்வொரு ஊரிலும் புகைப்படக்காரர்களின் சங்கமோ, சங்கம் என்று பெயர் இல்லாத ஒரு கூட்டமோ இருக்கத்தான் செய்கிறது. அவை நான்கு காரியங்களை எடுத்துக்கொள்ளலாம். வேலை இல்லாத ஆடி மாதத்தில், கட்டணம் வைத்தே, ஊர் மூத்தவர்களைக் கொண்டு பயிற்சி நடத்தலாம். அந்தக் கட்டணம் கற்றுக்கொடுப்பவருக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முகூர்த்த நாளிலும் யார் சும்மா இருக்கிறார்கள், அவசரத்துக்கு யார் வருவார்கள் என்ற பட்டியலை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது கேமராவாகப் போகிறவருக்கான விதிகளை ஒரு பக்க ஒப்பந்தமாக அச்சிட்டு, இருவரும் தங்களுக்குள் பேசிய கூலியை அதில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே வேலைக்குப் போகும் பழக்கத்தைக் கொண்டுவரலாம். செலவுக் கணக்கும் சட்டக் குறிப்புகளும் அடங்கிய தாள் ஒன்றைப் புதிதாகத் தொழிலுக்கு வரும் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கலாம். இவற்றுக்கு அரசாணை வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம்.

முதல் அடியை மூத்தவர்கள்தான் எடுத்துவைக்க வேண்டும். கொடுக்க அவர்களிடம்தான் இருக்கிறது. ஏமாந்த கதைகளும் அவர்களிடம்தான் அதிகம். அவர்கள் தயங்கினால் யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால், அவர்கள் சொல்லாமல் விட்டதைப் புதியவர்கள் எப்படியும் கற்றுக்கொள்வார்கள். யாரோ ஒரு குடும்பத்தின் திருமணத்தைப் பாழாக்கிக் கற்றுக்கொள்வார்கள். அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு திருமண நாள் கிடையாது. அது ஒன்றுக்காகவாவது நம் தொழிலில் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும்.